சாம்பல் நிறக் கார் நீலமான மதியம்

"ரெண்டு வாளியும் ஒரு கட்டி சோப்பும் போதும். இந்தச் சாம்பல் கலர் காரை மூணரை மணிக்குள்ள நீலக் கலராக்கிக் காட்டுறேன். பெயிண்ட் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்."

வாளியார் இப்படிச் சொன்னபோது மகள் வீட்டு வாசலில் மூன்று பேர் இருந்தார்கள். மகள் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவளுடைய மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு சம்பந்தியைப் பார்த்தார். மூன்றாவது ஆள் வாளியாரேதான். அவருக்கும் அது புதுச் செய்தியாகத்தான் இருந்தது.

வாளியார் என்பது பஸ் டிப்போவில் வைத்த பெயர். முப்பத்துநாலு வருஷம் பஸ் கழுவும் பகுதிக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணக்குப்படி கழுவிய பஸ்கள் இரண்டு லட்சத்துப் பதினோராயிரம். எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினால் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து டிப்போ கேட்டில் இடிக்கும் என்பார். ஏலத்துக்குப் போகவேண்டிய பஸ் ஒன்றை அவர் கழுவிய கழுவில் அதற்குப் பத்து வயது குறைந்துவிட்டதாம். ஏலம் கேட்க வந்தவர்கள் புது பஸ்ஸை ஏன் விற்கிறீர்கள் என்று சண்டைக்கு வந்தார்களாம்.

ஆனால் இன்றைக்கு அவர் வாயைத் திறந்தது பெருமைக்காக இல்லை. மகள் அழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எதையாவது சொல்லி நிறுத்தவேண்டும் என்று திறந்தார். வாய் வழக்கம்போல அவரைக் கேட்காமல் நாலு எட்டு முன்னால் போய்விட்டது.

மகள் நர்ஸ். திங்கட்கிழமை புது வேலையில் சேரவேண்டும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்கே போய்ப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டும் வேலை. சொந்தக் கார், சொந்தப் பெயரில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அதற்காகவே இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பழைய காரை வாங்கியிருந்தாள். பெயர் மாற்ற இன்று, வெள்ளிக்கிழமை காலையில், வண்டியைப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். பரிசோதிக்கும் அதிகாரி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த ஒரு பெண்மணி, பதிவுப் புத்தகத்தையும் காரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"புத்தகத்துல நீலம்னு போட்டிருக்கு. வண்டி சாம்பலா நிக்குதே."

"அழுக்கா இருக்கும் மேடம்," என்றாள் மகள், ஒரு குருட்டு தைரியத்தில்.

அதிகாரி அதை நம்பியிருந்தாலும் நம்பியிருப்பார். ஆனால் ஃபைலைத் திறந்ததும் மேலாக ஒரு சீட்டு குத்தியிருந்தது. அது மாமனாரின் கைவண்ணம். பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் இருந்தவர் அவர். கார் வந்த அன்றே பூதக்கண்ணாடியும் கையுமாக அதை மூன்று சுற்றுச் சுற்றிவந்து, யாரும் கேட்காமலே எழுதிவைத்திருந்தார்: "இது தொழிற்சாலையில் பூசப்பட்ட அசல் சாம்பல் நிறம். அழுக்கோ கறையோ அல்ல. நேரில் பரிசோதித்தேன்." கீழே கையெழுத்து, தேதி, முன்னாள் பதவி. கூடுதலாக ஒரு காகிதம் இருந்தால் நல்லதுதானே என்று ஃபைலில் குத்தியும் விட்டார்.

"உங்க வீட்டுப் பெரியவரே எழுதிக் கொடுத்திருக்காரேம்மா," என்றார் அதிகாரி. "அனுமதி வாங்காம யாரோ நிறத்தை மாத்தியிருக்காங்க. புதுசா விண்ணப்பம் போடுங்க, ரெண்டு மாசம் ஆகும். இல்லன்னா நாலு மணிக்குள்ள நீலக் காரைக் கொண்டாங்க, கையெழுத்துப் போடுறேன்."

கடைசி வாக்கியம் கேலிக்குச் சொன்னது. வேலை தருகிறவர்கள் இரண்டு மாசம் காத்திருக்கமாட்டார்கள். அந்த இடத்துக்கு இன்னும் மூன்று பேர் காத்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது மணி பன்னிரண்டரை.

"சம்பந்தி," என்றார் மாமனார், "சோப்புப் போட்டுக் கலர் போகும்னா, உங்க பஸ்ஸெல்லாம் இந்நேரம் கலரே இல்லாம கண்ணாடி மாதிரித் தெரிஞ்சிருக்கணும்."

"தெரிஞ்சுதே. எட்டாம் நம்பர் பஸ்ஸை அப்படித்தான் ரெண்டு நாள் தேடினோம். ஆரன் அடிச்ச பிறகுதான் எதிரே நிக்குதுன்னு தெரிஞ்சுது."

"அப்பா, விளையாடாதீங்க."

"விளையாடல கண்ணு. போய் வாளியைக் கொண்டா."

வாளி வந்தது. ஒன்று குளியலறையில் இருந்த பச்சை வாளி. இன்னொன்று மாமனார் ஓய்வுபெறும்போது கம்பெனி கொடுத்த பெயிண்ட் வாளி. அவர் அதை இதுவரை தண்ணீர் காட்டாமல் ஒரு கீறல்கூட விழாமல் வைத்திருந்தார். வாளியார் அதிலேயே சோப்பைப் போட்டார். பச்சை வாளி துணி அலசுவதற்கு. சோப்பு வாளியில் அழுக்குத் துணியை முக்கினால் டிப்போவில் ஒரு நாள் சம்பளம் பிடிப்பார்கள் என்று விளக்கிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். கூரையில் ஆரம்பித்துக் கீழே இறங்கவேண்டும், சக்கரத்துக்கு வேறு துணி, வட்டமாகத் தேய்க்கக்கூடாது. முறைகளில் குறையே இல்லை.

மாமனார் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் செய்தித்தாள். கண் செய்தித்தாளில் இல்லை.

முதல் துணி கூரையில் விழுந்தது. தண்ணீர் உருண்டு உருண்டு ஓடியது. நுரை பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தது. சாம்பல் அப்படியே நின்றது. வாளியார் இன்னொரு முறை தேய்த்தார். தோள்பட்டை கழன்று விழும் அளவுக்குத் தேய்த்தார். முக்கால் மணி நேரம் தேய்த்த பிறகு கார் பளபளவென்று, இன்னும் அழகான சாம்பலாக இருந்தது.

"நல்லா வந்திருக்கு," என்றார் மாமனார். "அசல் பூச்சுன்னு இன்னொரு சீட்டு எழுதித் தரட்டுமா?"

மகள் வாசற்படியில் உட்கார்ந்து அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஏமாற்ற வாளியார் நினைக்கவில்லை. ஆனால் இந்த முகத்தை இனி எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? துணியைப் பிழியும் சாக்கில் குனிந்தார். அப்போதுதான் நகத்தைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்துக்கடியில் சாம்பலாக ஏதோ கொழகொழவென்று ஏறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். மெழுகுவத்தி வாசனை.

"கண்ணு, காரை வித்தவருக்கு ஒரு போன் போடு. சத்தமா வை."

விற்றவர் தனியாக இருக்கும் ஒரு பெரியவர். கழுவுகிறோம் என்றதும் பதறிப்போனார்.

"கழுவுறீங்களா? ஐயையோ, ஒன்பது வருஷமா அதுமேல ஒரு சொட்டுத் தண்ணி பட விட்டதில்லையேம்மா. துரு பிடிச்சுடும். வாராவாரம் மெழுகு பூசிக் காஞ்ச துணியால துடைச்சுடுவேன்."

"தூசி படிஞ்சா?" என்று கேட்டார் வாளியார்.

"அதுமேல இன்னொரு பூச்சு."

"காரு என்ன கலருங்க?"

"நீலம். நல்ல நீலம். இப்போதான் கொஞ்ச வருஷமா மங்கலாத் தெரிஞ்சுது. கண்ணுல பொரை விழுந்திருக்கும்னு டாக்டர்கிட்டகூடப் போனேன். கண்ணு நல்லாருக்குன்னு அனுப்பிட்டாரு."

வாளியார் நிமிர்ந்த நிமிர்வில் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டார். நானூற்று அறுபத்தெட்டு வாரம். ஒவ்வொரு வாரமும் ஒரு மெழுகு, ஒரு தூசி, ஒரு மெழுகு, ஒரு தூசி. கார் காராகவே இல்லை. அடுக்கடுக்காகச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

"வெந்நீர்," என்றார். "வீட்டுல இருக்கிற எல்லாப் பாத்திரத்திலயும் வெந்நீர் வை."

"மெழுகுக்கு நிறம் கிடையாது சம்பந்தி," என்றார் மாமனார். ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சோப்புக் கட்டியைக் காய்துருவியில் துருவி வெந்நீரில் கொட்டினார்கள். துணியை முக்கி, கை பொறுக்கும் சூட்டில் பானெட்டின் மூலையில் வைத்து, வாளியார் ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணினார். பிறகு ஒரே இழுப்பு.

துணி கறுத்தது. காரில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம்.

சாதாரண நீலமில்லை. அதைப் பார்த்து ஆகாயம் வெட்கப்பட்டு ஒரு மேகத்தை இழுத்து மூடிக்கொண்டது என்று பிற்பாடு வாளியார் சொல்லிவருகிறார். மகள் அதைத் தொட்டுப் பார்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"சோப்புல காரம் ஜாஸ்தி," என்றார் மாமனார். "மேல் பூச்சைத் தின்னுடுச்சு. இது அடியில இருக்கிற பழைய பூச்சு."

"இதே சோப்புலதான் உங்க சட்டையையும் வெளுக்கிறாங்க. உங்களைத் தின்னாம எப்படி விட்டு வெச்சுது?"

"மூணாவது வாளி ஆகுது சம்பந்தி. ரெண்டுன்னு சொன்னீங்க."

"வாளி ரெண்டுதான். உள்ள இருக்கிற தண்ணிதான் மாறுது."

மகளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டாள். அவள் கதவுகள், இவர் கூரை. வெந்நீர் வந்துகொண்டே இருந்தது. வாசலில் ஓடிய சாம்பல் தண்ணீர் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்ததாகக் கேள்வி. மூன்றரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசிச் சக்கரத்தைத் துடைத்து முடித்தார்கள். வாளியாரின் விரல்கள் ஊறிச் சுருங்கிப்போயிருந்தன. இடுப்பு நிமிர மறுத்தது. ஈர வேட்டியோடு பின்சீட்டில் ஏறினார். மாமனார் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அலுவலக வளாகத்துக்குள் நுழைந்தார்கள். அதிகாரி வெளியே வந்து காரைப் பார்த்தார். தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்து மறுபடி பார்த்தார்.

"காலையில சாம்பல். இப்போ நீலம். நடுவுல நாலே மணி நேரம்." குரலில் சிரிப்பு இல்லை. "எந்த ஷெட்டுல பெயிண்ட் அடிச்சீங்க? இது காலையில இருந்ததைவிடப் பெரிய தப்பு, தெரியுமா?"

"பெயிண்டே இல்ல மேடம்," என்று வாளியார் முன்னால் வந்தார். "நான் டிப்போவுல ரெண்டு லட்சத்துப் பதினோராயிரம் பஸ்..."

மகள் பின்னாலிருந்து அவர் முழங்கையைக் கிள்ளினாள். அவர் பேச்சு எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டது.

அதிகாரி ஃபைலைத் திறந்தார். "நீங்க யாரு சொன்னாலும் எழுத்துல இருக்கிறது இதுதான். அசல் சாம்பல்னு கையெழுத்தோட இருக்கு. இதை எழுதினவர் யாரு?"

வாளியார் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார். மதியம் முழுக்கக் கிண்டல் செய்த மனிதரின் கையில் இப்போது மகளின் வேலை இருக்கிறது. முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை என்று கல்யாணப் பேச்சின்போதே சொன்னவர் அவர். அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் எல்லாம் போச்சு.

"நான்தான்," என்றார் மாமனார்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு காரை ஒரு சுற்று வந்தார். கதவிடுக்கைப் பார்த்தார். பானெட்டின் ஓரத்தைப் பார்த்தார். பக்கக் கண்ணாடிக்கு அடியில், துணி எட்டாத ஒரு மூலையில், வெள்ளைக் கைக்குட்டையை விட்டு அழுத்தித் தேய்த்து எடுத்தார். கைக்குட்டையில் சாம்பல் வந்தது. தேய்த்த இடத்தில் நீலம். கைக்குட்டையை மூக்கருகே வைத்து வெகுநேரம் முகர்ந்தார். கடிகாரத்தில் நாலு நிமிஷம் பாக்கி. மகள் மூச்சே விடவில்லை.

"மாமா," என்றாள் மெதுவாக.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சீட்டை வாங்கி, எழுதியதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக வந்தது. கீழே எழுதினார்: "முன்பு நான் பரிசோதித்தது பெயிண்ட் அல்ல, மெழுகும் தூசியும். அசல் நிறம் நீலம். தவறு என்னுடையது." கையெழுத்து, தேதி. முன்னாள் பதவியை இந்தத் தடவை எழுதவில்லை.

அதிகாரி படித்தார். கைக்குட்டையை வாங்கிப் பார்த்தார். தன் விரலையும் அந்தக் கண்ணாடிக்கு அடியில் விட்டுத் தேய்த்து, சாம்பலான நுனியைப் பார்த்தார். உள்ளே போனார். அவர்கள் மூன்று பேரும் பின்னாலேயே போனார்கள். முத்திரை புத்தகத்தில் விழுந்த சத்தம் வாளியார் காதுக்குத் தீபாராதனை மணி மாதிரி கேட்டது.

மகள் புத்தகத்தில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். அடைத்து வைத்திருந்த மூச்சு மொத்தமும் ஒரே பெருமூச்சாக வந்தது. மேசைமேல் இருந்த காகிதங்கள் சடசடத்தன. வாளியார் பக்கத்திலிருந்த பெஞ்சில் ஈர வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை என்று ஒரு நாள் வரப்போகிறது. அதைப் பற்றி இனிமேல் பயமில்லை. அவ்வளவு நிம்மதியில் அவருக்குப் பேச்சே வரவில்லை. அவர் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை பிறப்பதற்கு முன்னால்.

அதிகாரி மேசையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டார். கிளம்பும்போது மாமனாரிடம் வந்து நின்றார்.

"வேலை முடிஞ்சுது சார், இனிமே நான் ஒண்ணும் எழுதப் போறதில்ல. சும்மா தெரிஞ்சுக்கக் கேக்குறேன். ஒன்பது வருஷ மெழுகை வெறும் சோப்புப் போட்டு, கையால, ஒரே மதியத்துல எடுத்தாருன்னு என்னை நம்பச் சொல்றீங்களா?"

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெஞ்சில் பேச்சற்று உட்கார்ந்திருந்த சம்பந்தியை ஒரு பார்வை பார்த்தார்.

"நானும் நம்பலதாங்க. நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்போ தோப்பாருன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ஆனா நடந்துடுச்சு."