மாட்டுங்காவில் ஒரு வயர்லெஸ் கல்யாணம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. 1987 மழைக்காலத்தில் தாராவி தொண்ணூறு அடி ரோட்டுச் சாயாக் கடை ஒன்றில் செல்லப்பாண்டி சொன்னது. அவர் கல்யாண வீடியோ எடுப்பவர். தன் தொழிலில் நடந்த கூத்து என்றுதான் சொன்னார். கடையே சிரித்தது, நானும் வயிறு நோகச் சிரித்தேன். செம்பூருக்குப் பஸ் ஏறும்போதே இதை எழுதிவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். சிரிப்புக் கதை எனக்குக் கைவந்த கலை என்று ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பில் மண் விழுந்த கதைதான் இது.

முதல் தொடக்கம்:

"கம்பியில்லாத் தந்தி கேள்விப்பட்டிருப்பீர்கள். கம்பியில்லாக் கல்யாணம் கேள்விப்பட்டதுண்டா? பம்பாய் மாநகரத்திலே, மாட்டுங்காவிலே—"

(அடித்துவிட்டேன். அலட்டல் தாங்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம்:

"மன்சூர் அலி ஈயம் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டு, 'இனிமே உமக்கு வயரே வேண்டாம்வே' என்றார்."

இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

2

கல்யாண மண்டபத்தின் ஸ்டோர் ரூமில், பூசணிக்காய்களுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே ஒரு டிவியை வைத்துக்கொண்டு செல்லப்பாண்டி உட்கார்ந்திருப்பார். தலையில் ஹெட்செட், வாய்க்கு முன்னால் சின்ன மைக். வெளியே இரண்டு கேமராக்காரர்களின் தலையிலும் அதேபோல ஒன்று. "நீ மாலையைக் காட்டு, நீ மாமியாரைக் காட்டு" என்று இவர் உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல அவர்கள் திருப்புவார்கள். எல்லாவற்றையும் வயர் இணைத்திருக்கும். அந்த வயரில் ஒரு சிந்திக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா தடுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் செல்லப்பாண்டி, தாராவியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த கடையநல்லூர்க்காரர் மன்சூர் அலியிடம் போனார். அவர் வயரே இல்லாத ஹெட்செட் மூன்று செய்து கொடுத்தார். (லைசென்ஸ் உண்டா என்று கேட்காதீர்கள். கதை நின்றுவிடும்.)

"பாய், நாம பேசுதது வேற எவன் ரேடியோலயாவது கேட்றாதா?"

"கேட்டா கேக்கட்டும்வே. குஜராத்திக்கும் மார்வாடிக்கும் நம்ம பேச்சு விளங்கவா போகுது?"

(மன்சூர் அலியை நான் பார்த்ததில்லை. வார்த்தைகள் என்னுடையவை, விஷயம் செல்லப்பாண்டி சொன்னது.)

அவர்கள் செய்த ஒரே தப்பு இதுதான். அதுவரை அவர்கள் எடுத்ததெல்லாம் குஜராத்தி, சிந்தி, மார்வாடிக் கல்யாணங்கள். "அந்தக் குண்டம்மாளைக் காட்டு", "மாப்பிள்ளை தூங்கி விழுதாரு, திருப்புல" என்று வாய்க்கு வந்ததைத் தமிழில் பேசிப் பழகியிருந்தார்கள். பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி அவர்களுக்குத் தமிழ். அடுத்து வந்ததோ மாட்டுங்கா ஐயர் வீட்டுக் கல்யாணம்.

3

அந்த மண்டபத்தில் சாஸ்திரிகளுக்கு வயரில்லாத மைக் ஒன்றைச் சட்டையில்லாத மார்பில் பூணூலோடு சேர்த்துக் குத்தியிருந்தார்கள். மன்சூர் அலியின் ஹெட்செட்டும் அந்த மைக்கும் ஒரே அலைவரிசை. செல்லப்பாண்டி பேசுவதற்காக ஹெட்செட் பொத்தானை அமுக்கியதும் சாஸ்திரிகள் மைக் அடங்கிப்போய், மண்டபத்து ஒலிபெருக்கியில் திருநெல்வேலி கேட்டது.

"எலே ஜஹாங்கீர், பொண்ணு மூஞ்சிய விட்டு எடுல. அது அழுவுது. இஷ்டமில்லாம ஒக்காந்திருக்க மாதிரி இருக்கு."

பெண் அப்போது அப்பா மடியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை கையில் தாலி.

கேமராக்காரன் ஜஹாங்கீருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாய் திறந்து எச்சரிக்க முடியாது, அதுவும் ஒலிபெருக்கியில்தான் வரும். கேமராவை இடமும் வலமும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று காட்டினான்.

"எதுக்குல ஆட்டுத? காலைல திங்கலையா?"

இந்த இடத்தில்தான் சாயாக் கடை வெடித்துச் சிரித்தது. நீங்களும் சிரித்திருந்தால் எனக்குச் சந்தோஷம். இனிமேல்தான் எனக்குப் பேனா ஓடவில்லை.

4

செல்லப்பாண்டி சொன்னபோது அவள் வெறும் "பொண்ணு". எழுத உட்கார்ந்ததும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஷ்யாமளா என்று வைத்தேன். பெயர் வைத்தது வினையாகிவிட்டது. அந்தப் பெயரை எழுதிய பிறகு, மண்டபமே திரும்பிப் பார்க்க, அழுத முகத்தோடு ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிப்பது?

"ஷ்யாமளாவுக்கு வேறொருவன் மேல்—" (வேண்டாம். இதை எத்தனை பேர் எழுதிவிட்டார்கள்.)

"ஷ்யாமளா பாங்க் வேலையை விட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில்—" (இருக்கலாம். எனக்குத் தெரியாது.)

ஹோமப் புகைக்கு அழுதிருக்கலாம். அதுவும் தெரியாது. இவ்வளவு தெரியும்: அந்த நிமிஷம் வரைக்கும் அவளை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

5

பெண்ணின் மாமா சுதாரித்துக்கொண்டார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

கெட்டிமேளம் எதற்கு? அபசகுனமான சொல் எதுவும் அந்நேரம் காதில் விழக்கூடாது என்பதற்கு. அந்தக் குரலை அமுக்கத்தான் மாமா கத்தினார். தவில் இடித்தது, நாதஸ்வரம் அலறியது. ஆனால் கெட்டிமேளம் கேட்டால் தாலி கட்ட வேண்டும் என்பதும் வழக்கமாயிற்றே. மாப்பிள்ளையின் கை தன்னால் உயர்ந்தது, அவள் கழுத்துக்கு அருகில் போய் நின்றது. அவரும்தானே ஒலிபெருக்கியில் அந்தக் குரலைக் கேட்டிருந்தார். கை நின்றதைப் பார்த்துத் தவில்காரர் நிறுத்தினார். நாதஸ்வரமும் நின்றது.

மண்டபத்துக் கண்கள் அத்தனையும் ஷ்யாமளா மேல். டிவியில் அதைப் பார்த்த செல்லப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"திருப்புங்கல கேமராவ! அழுத பிள்ளைய யாரும் பாக்காதிய. எல்லாம் அந்தப் பக்கம் திரும்புங்க!"

இரண்டு கேமராக்காரர்களுக்குச் சொன்னது. திரும்பியது மண்டபம். மாமிகள், மாமாக்கள், தவில்காரர், மடியில் வைத்திருந்த அப்பா வரைக்கும் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"கேமராவச் சொன்னா கல்யாணமே திரும்புது, அண்ணாச்சி!" என்று சாயாக் கடையில் தொடையைத் தட்டினார் செல்லப்பாண்டி. அவருடைய கதை அங்கே முடிந்துவிட்டது.

6

கடை காலியான பிறகு கேட்டேன். "பொண்ணு என்ன ஆச்சு?"

"எனக்கென்ன தெரியும்? மாமாக்காரரு உள்ள வந்து 'கெளம்புங்கோ'ன்னு எங்களத் தள்ளிட்டாரு. கூலியும் கேக்கல, ஒண்ணும் கேக்கல."

"அவ்வளவுதானா?"

சாயா கிளாஸைச் சுழற்றினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஜஹாங்கீர் திருப்புததுக்கு முந்தி அந்தப் பிள்ள தலையத் தூக்கி மாப்ளயப் பாத்துச்சு. என்னமோ சொல்ல வாயத் தொறந்துச்சு. பின்னால மண்டபமே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கி. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, என் சத்தம் வெளிய கேக்குதுன்னு."

"உடனே அணைச்சிட்டீங்களா?"

"அணைக்கல அண்ணாச்சி. அணைச்சா பக்கத்துல ஒக்காந்திருக்க அய்யர் மைக்குக்கு உசுரு வந்துரும். அந்தப் பிள்ள சொல்லுதது ஊருக்கே கேட்ரும். பொத்தான அமுக்கிக்கிட்டே, மூச்சுக் காட்டாம இருந்தேன். மாமாக்காரரு கைய முறுக்கின பொறவுதான் விட்டேன்."

7

முடிவு ஒன்று: ஷ்யாமளா சொன்னதைக் கேட்டு மாப்பிள்ளை தலையசைத்தார். தாலி ஏறியது. இன்று கோவண்டியிலோ அணுசக்தி நகரிலோ—

முடிவு இரண்டு: தாலியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "நாழியானா பரவால்ல" என்று அவர்—

இரண்டையும் முழுசாக எழுதித்தான் பார்த்தேன். இரண்டிலும் பேசுவது நான்தான். அவள் குரல் மாதிரி ஒன்றை என் ஒலிபெருக்கியில் போட்டு உங்களுக்குக் கேட்கவைக்கிறேன். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக மூச்சடக்கிப் பொத்தானை அமுக்கியிருந்த மனிதரை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, அழுகையும் வருகிறது. தாள்களைக் கிழித்துவிட்டேன்.

அங்கே ஷ்யாமளா பேசிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை குனிந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். மண்டபத்தில் அத்தனை பேரும் திரும்பி நிற்கிறார்கள், நீங்கள் ஒருவர்தான் இன்னும் இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து திரும்பிக்கொள்ளுங்கள்.