நாய் தின்ற கேக்

அன்றைக்கு மட்டும் நான் பஸ்ஸில் போனை வெளியே எடுக்கவில்லை. ஆணும் ஆணும் காதலிப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு மறுநாள் அது. முன் சீட்டில் சிங்காரவேல் சார் பேப்பரை விரித்து அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்தார். படித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "இனிமே பக்கத்துல உக்காரவே பயமா இருக்குமேய்யா!" என்று ஒரு போடு போட்டார். சுரங்கத்துக்குப் போகும் கம்பெனி பஸ் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பார்கள். டவுன்ஷிப்பில் ஒரு சேதி, நாம் வீடு திரும்புவதற்குள் நம் குவார்ட்டர்ஸுக்குப் போய்க் காபி குடித்துக்கொண்டிருக்கும்.

அம்மா ஏற்கெனவே விருதுநகர்ப் பக்கம் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். "போட்டோவையாவது பாரேன் அருணு" என்று சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்தே நீட்டுவாள். எனக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை என்பதை இந்த ஊரில் ஒரு ஜீவனிடமும் நான் சொன்னதில்லை. சொல்வதற்குப் பதிலாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

போனில் ஒரு கதை ஆப். அதில் யாரோ புனைபெயரில் எழுதும் தொடர். கொடைக்கானலில் ஒரு பேக்கரிக்காரன், எதிர் வீட்டில் ஒரு மாட்டு டாக்டர். பேக்கரிக்காரன் மூக்கில் மாவோடு நிற்பான். டாக்டருக்கு அதைத் துடைத்துவிடக் கை பரபரக்கும். மூன்று அத்தியாயம் ஆகியும் துடைக்க மாட்டான். இலக்கியமெல்லாம் ஒன்றுமில்லை, நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் பார்த்த படங்களில் என்னைப் போன்றவன் ஒன்று கேலிக்கு வருவான், இல்லாவிட்டால் செத்துப்போவான். இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. ஆகப்பெரிய துன்பமே, கல்யாண வீட்டுக்காகச் செய்த மூன்றடுக்குக் கேக்கை டாக்டரின் நாய் தின்றுவிட்டதுதான். அதைப் படிக்கும்போது நெஞ்சிலிருந்து எதையோ இறக்கிவைத்த மாதிரி இருக்கும். பஸ்ஸில் படிக்கும் அந்த அரை மணி நேரம் இல்லாவிட்டால் மீதி நாளை எப்படி ஓட்டுவேன் என்று எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் அவரவர் சீட்டு எழுதாத பட்டா மாதிரி. கடைசிக்கு முந்தின வரிசையில் ஜன்னலோரம் மெக்கானிக் செங்குட்டுவன் அண்ணனுக்கு, அதையடுத்தது எனக்கு. அவர் காடாம்புலியூரிலிருந்து பைக்கில் வந்து, அதை ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஏறுவார். ஏறியதும் கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் தலை என் தோளுக்குச் சரிந்துவிடும். நானும் தோளைக் கொடுத்துவிட்டு, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு படிப்பேன். தூங்கும் ஆள் பக்கத்தில் அமைந்தது என் அதிர்ஷ்டம் என்றே நம்பியிருந்தேன்.

அன்றும் அவர் தலை சரிந்தது. நான் டிபன் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா தம்பி, இன்னிக்கி படிக்கலியா?"

பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். "என்னண்ணே?"

"அந்த நாயி கேக்க தின்னுட்டுதே, அதுக்கப்பறம் இன்னாதான் ஆச்சி? நேத்துலேர்ந்து மண்டய கொடஞ்சிக்கினே இருக்குது."

முன்னால் பார்த்தேன். சிங்காரவேல் சார் இன்னும் யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "எப்பலேருந்துண்ணே படிக்கிறீங்க?"

"மூக்குல மாவு ஒட்டிக்கினு நின்னானே, அப்பலேர்ந்து. வூட்ல டிவிய போட்டா ஒருத்திக்கொருத்தி வெசம் வச்சிக்கினே இருக்காளுவோ. இதுல அதெல்லாம் இல்ல. மனசுக்கு நல்லாருக்குது." இப்போது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஒரு சொட்டுத் தூக்கம் இல்லாத கண்கள். "கடசீல ரெண்டு பேரும் சேந்துடுவாங்க இல்ல?"

அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"சேந்துடுவாங்கண்ணே. இந்த மாதிரி கதையில கண்டிப்பா சேந்துடுவாங்க."

"அப்ப சரி. நிதானமா தள்ளு. நீ சட்டு சட்டுனு தள்ளிடற, எனக்கு பாதிதான் கெடைக்குது."

போனை எடுத்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளிச்சத்தையும் கூட்டினேன். சிங்காரவேல் சார் திரும்பி, "ரெண்டு பேரும் அப்டி என்னய்யா பாக்குறீங்க?" என்றார்.

"லவ் ஸ்டோரி சார்," என்றார் அண்ணன். "நடுவுல பேசாதீங்க."

பக்கம் முடிந்தது. நான் தள்ளாமல் காத்திருந்தேன். நகத்தில் கிரீஸ் படிந்த விரலொன்று வந்து திரையை மெல்லத் தள்ளியது. அடுத்த பக்கத்தில் பேக்கரிக்காரன் மறுபடி மாவு பிசைய ஆரம்பித்திருந்தான். டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றான்.