நாற்பது சதவீதம்

ஒன்பதரை மணிக்கு ஈவ்லின் ஐஸ் பெட்டியின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். முகம் கழுவப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் உள்ளறைக்குப் போய் பீரோவைத் திறந்து, நீல நிற ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஜெபா, பெர்சிஸுக்குச் செருப்பு மாட்டு."

ஜெபகுமாரி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் ஜெபஸ்டின் நேற்று மதியம் ஆர்.கே.பேட்டையில் ஒரு விசைத்தறியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். முப்பத்தாறு வயது. அடக்கம் இன்று மூன்று மணிக்கு.

"இன்னைக்கா அண்ணி?"

"இன்னைக்கு உட்டா அடுத்த வருசம்தான்."

வாசலில் பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்த பெரியப்பா ஏசுவடியான் ஃபைலைப் பார்த்ததும் உள்ளே வந்தார்.

"எங்கம்மா கெளம்பிகினு கீற?"

"ஸ்கூல்ல முகாம் மாமா. புள்ளைக்கு ஊனமுற்றோர் கார்டு போடறாங்க."

"புருசன் இங்க கெடக்கிறான். பாக்கறவங்க இன்னா பேசுவாங்க?"

"ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன்."

"கார்டு இல்லாமத்தான் ஏழு வயசு வரைக்கும் வளந்துது. இன்னும் ஒரு வருசம் வளராதா?"

பின்னாலிருந்து யாரோ ஒருத்தி, "அழுது முடிக்கறதுக்குள்ள கவர்மெண்டு பணம் இனிக்குது போல" என்றாள். ஈவ்லின் திரும்பவில்லை. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் மட்டும் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நீ போயிட்டு வா கண்ணு. அவன் எங்கயும் ஓடிப்பூடமாட்டான். நான் பாத்துக்கறேன்."

ஆட்டோவில் பெர்சிஸ் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஃபைலின் ரப்பர் பேண்டை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். மலைக்கோயிலுக்குப் போகும் வேன்கள் வழியை அடைத்திருந்தன. ஜெபகுமாரிக்குப் போன வருட முகாம் நினைவுக்கு வந்தது. அன்று அழைத்துப் போனது அண்ணன். பெர்சிஸுக்கு ஆட்டிசம் என்று சென்னையில் சொல்லி நான்கு வருடமாகியிருந்தது. கார்டு கிடைத்தால் பயிற்சி கொடுக்கிறவர் வாரம் ஒருநாள் வீட்டுக்கே வருவார், பள்ளியிலும் சேர்த்துக்கொள்வார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதற்கு ஊனம் நாற்பது சதவீதமாவது என்று டாக்டர் போட வேண்டும். டாக்டர் "பேசுவாளா?" என்று கேட்டாராம்.

"நல்லா பேசும் சார். பாட்டே பாடும்."

பாடவும் வைத்திருக்கிறான். கிறிஸ்மஸ் கீர்த்தனை ஒன்றை நான்கு சரணமும் ஓர் எழுத்து பிசகாமல் பாடினாள். தானே சாப்பிடுவாளா என்றதற்கும் ஆங், கூப்பிட்டால் வருவாளா என்றதற்கும் ஆங். டாக்டர் முப்பது போட்டு அனுப்பிவிட்டார். கார்டு இல்லை. ஆனாலும் அண்ணன் தெருவெல்லாம், "முப்பதுதான் போட்டாங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். அன்று ராத்திரி ஈவ்லின் அவனோடு பேசவில்லை.

பள்ளிக்கூடத்தில் வகுப்பறைத் தாழ்வாரம் முழுக்கப் பெஞ்சுகள். டோக்கன் நாற்பத்திரண்டு. பெர்சிஸ் தரையில் குப்புறப் படுத்து, ஒரு சக்கர நாற்காலியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இருந்த பையனின் அம்மா நாற்காலியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிக் காட்டினாள். அப்புறம் ஈவ்லினின் வீங்கிய கண்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாப்பூடும்மா. மொதல்ல நானும் இப்படித்தான் அழுதுகினே கெடந்தேன்" என்றாள். ஈவ்லின் தலையாட்டினாள்.

பன்னிரண்டரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். இந்த முறை பெண் டாக்டர். பழைய தாளைப் புரட்டினார்.

"பாட்டெல்லாம் பாடறாளாமே?"

ஈவ்லின் வாயைத் திறந்து, ஒரு நொடி நின்றாள். அந்த இடத்தில் அண்ணன் என்ன சொல்வான் என்று ஜெபகுமாரிக்குத் தெரியும்.

"பாடும் மேடம். ஆனா தாகம் எடுத்தா தண்ணி வேணும்னு கேக்கத் தெரியாது."

"சாப்பாடு?"

"ஊட்டணும்."

"பாத்ரூம்?"

"சொல்லாது. நாமதான் பாத்துக்கணும்."

ஒவ்வொரு பதிலுக்கும் அவள் குரல் தணிந்துகொண்டே போனது. முப்பதுதான் என்று அண்ணன் ஒரு வருடமாகக் கட்டி வைத்ததிலிருந்து செங்கல் செங்கல்லாக எடுத்து வைப்பதுபோல இருந்தது ஜெபகுமாரிக்கு. குறுக்கே புகுந்து, இல்லை, இட்லியை மட்டும் தானே பிட்டுச் சாப்பிடுவாள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறாளா?"

"அவுங்க அப்பா கூப்ட்டா திரும்பும்."

"நீங்க கூப்பிட்டா?"

"இல்ல மேடம்."

டாக்டர் நிமிர்ந்தார். "அப்பா வரலையா?"

"வீட்லதான் கீறாரு."

"அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க. அவரும் தெரிஞ்சுக்கணும்."

"சரிங்க மேடம்."

டாக்டர் மறுபடி எழுதத் தொடங்கினார். "ஆபத்து தெரியுமா? ரோடு, தண்ணி, நெருப்பு?"

"எனக்குத் தெரியல மேடம். வெளிய அவருதான் கூட்டினு போவாரு."

பேனா தாளுக்கு மேலே நின்றது. கல்லூரியில் மூன்று வருடமும் எழுந்து ஒரு கேள்வி கேட்காதவள் ஜெபகுமாரி. இப்போது ஓர் அடி முன்னால் வந்தாள்.

"தெரியாது மேடம்," என்றாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஜனவரியில... ஸ்டேஷன்ல அண்ணன் டிக்கெட் வாங்கக் கையை உட்டாரு. அவ தண்டவாளத்துல எறங்கி நடந்துகினு இருந்தா. கூட்ஸ் வண்டி ஹாரன் அடிச்சுது. அதுக்கும் அவ திரும்பல. அண்ணன் குதிச்சுத்தான் தூக்கினாரு."

யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக அண்ணியிடம் சொல்லாதே என்று அண்ணன் அன்று அவள் கையைப் பிடித்துக் கேட்டிருந்தான். தெரிந்தால் புள்ளையை வெளியிலேயே விடமாட்டாள் என்றான்.

ஈவ்லின் பெர்சிஸின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். டாக்டர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். பக்கத்து மேசையில் சீல் வைத்தார்கள்.

தாழ்வாரத்தில் நின்று ஈவ்லின் தாளைப் பார்த்தாள்.

"எவ்ளோ அண்ணி?"

"அறுவத்தஞ்சு."

ஆட்டோ ரயில்வே கேட்டைத் தாண்டியது.

"அவரு முட்டியில காயம் அதுதானா?" என்றாள் ஈவ்லின்.

"ஆங்."

"தறி மேல இடிச்சுகினேன்னு சொன்னாரு. ஒரு வாரம் நான்தான் மருந்து போட்டேன்."

ஜெபகுமாரி வெளியே பார்த்தாள். மன்னித்துவிடு என்று யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் சவப்பெட்டி வந்து இறங்கியிருந்தது. சர்ச் ஐயர் அங்கி போட்டுக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தார். மணி இரண்டு அடிக்கப் பத்து நிமிடம். ஈவ்லின் ஃபைலைக் கோவிந்தம்மாளிடம் கொடுத்துவிட்டு, எழுந்து போன இடத்திலேயே போய் உட்கார்ந்தாள்.

ஜெபம் முடிந்து பெட்டியை மூடும் நேரத்தில் பெரியப்பா அவளிடம் குனிந்தார். அவர்கள் சபையில், பெட்டி சர்ச் வாசலைத் தாண்டும்போது இறந்தவரின் வயதில் வருடத்துக்கு ஓர் அடி என்று மணி அடிப்பார்கள். சர்ச் நான்கு வீடு தள்ளி. பல வருடமாகக் கயிறு இழுப்பவர் பெரியப்பாதான்.

"முப்பத்தாறு அடி," என்றார். "மணிச் சத்தம்னா இந்தப் புள்ள கூச்சப்படும்னு ஜெபஸ்டின் சொல்லுவான். பண்டிகைக்குக்கூடத் தூக்கினு வெளியதான் நிப்பான்."

கூட்டம் முழுக்கக் கேட்கும்படிதான் ஈவ்லின் பதில் சொன்னாள்.

"கூச்சம் இல்ல மாமா. சத்தம் தாங்க முடியாது அவளால. ஒடம்பு பூரா வலிக்கும்."

பெரியப்பா அவளைப் பார்த்தார். பிறகு பெர்சிஸைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் முன்னால் நடந்து போனார்.

பெட்டியைத் தூக்கினார்கள். ஈவ்லினும் ஜெபகுமாரியும் பெர்சிஸை நடுவில் விட்டுப் பின்னால் நடந்தார்கள். அவள் இரண்டு காதுகளையும் பொத்தியிருந்தாள். சர்ச் வாசலில் பெரியப்பா மணிக்கயிற்றைத் தூணில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பெட்டி அவரைத் தாண்டியது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

பெர்சிஸ் ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள்.