இரண்டாவது கொக்கி

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு எங்கள் புதிய சோதனை வேலை செய்துவிட்டது. என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்த தசமப்புள்ளி, "அடி சக்கை!" என்றார். எதையும் முழு எண்ணாகச் சொல்லத் தெரியாத எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட "மூணு புள்ளி அஞ்சுக்கு வரேன்" என்பார்.

திரையில் இரண்டு கோடுகள். ஒன்று தரையோடு தரையாகக் கிடந்தது. மற்றது இருபத்தேழாவது சுற்றில் எழுந்து விறுவிறுவென்று மேலே போனது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டேன், கை கழுவினேன், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முழுவதும் சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று கேட்டால் தெரியாது.

உணவில் கெட்ட கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. கிருமியையே தேடுவதில்லை; அதன் மரபணுவில் ஒரு துண்டைத் தேடுகிறோம். அந்தத் துண்டில் போய் ஒட்டிக்கொள்ள ஒரு சின்ன இழையைச் செய்து போடுவோம். எங்கள் பேச்சில் அது கொக்கி. கொக்கி மாட்டினால் சுற்றுக்குச் சுற்று துண்டு ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, திரையில் கோடு ஏறும். மாட்டாவிட்டால் அறிக்கையில் 'இல்லை' என்று அச்சாகும். மாட்டாததற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு என்பதை அச்சு இயந்திரம் கண்டதா?

லிஸ்டீரியா என்ற கிருமிக்கு முன்பெல்லாம் இரண்டு கொக்கி போட்டோம். இரண்டாவது சரியான வாயாடி. ஒன்றும் செய்யாத பங்காளிக் கிருமியைப் பார்த்தாலும் கத்தும். அது கத்தும்போதெல்லாம் தொழிற்சாலைக்காரர்கள் சரக்கை நிறுத்திவைத்துவிட்டு எங்களை வறுத்தெடுப்பார்கள். அதைத் தூக்கிவிடலாம் என்று போன வருஷம் எழுதிக் கொடுத்தது யார்? சாட்சாத் நான்தான். ஒரே கொக்கி, பாதி நேரம், வீண் பதற்றம் கிடையாது. எல்லோரும் கை தட்டினார்கள். மேம்படுத்தப்பட்ட சோதனை என்று பெயரும் வைத்தார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் தங்கை கடையிலிருந்து போன் செய்தாள். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம்.

"அக்கா, இந்தப் பாலாடைக்கட்டி சாப்பிடலாமா? டாக்டர் பாத்து சாப்பிடச் சொல்லியிருக்காங்க."

டப்பாவின் அடியில் இருந்த எண்ணைப் படிக்கச் சொன்னேன். அந்தச் சரக்கின் அறிக்கை முந்தின வாரம்தான் என் கையெழுத்தோடு போயிருந்தது.

"தாராளமா சாப்பிடு. நானே பாத்தது" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

ஏழாம் மாத முடிவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் குழந்தை அசையவில்லை. பெண் குழந்தை. தங்கையின் ரத்தத்தில் லிஸ்டீரியா இருந்தது. அந்தக் கிருமியின் மரபணு வரிசையை மருத்துவமனை எங்களுக்கு அனுப்பியது. எங்கள் கொக்கியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். கொக்கியின் நுனி ஒட்ட வேண்டிய இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. நுனி ஒட்டாவிட்டால் மற்றதெல்லாம் ஒட்டியும் பயனில்லை. தூக்கிப் போட்ட வாயாடியைச் சீர்செய்து திரும்பச் சேர்த்தேன். உறைபெட்டியில் எடுத்துவைத்திருந்த அந்தச் சரக்கின் மாதிரியை மறுபடி ஓட்டினேன். செவ்வாய்க்கிழமை எழுந்த கோடு அதுதான்; தரையோடு கிடந்தது பழைய கொக்கியின் கோடு.

அலுவலகத்துக்குச் செய்ய வேண்டியதை அன்றைக்கே செய்தேன். தொழிற்சாலைக்குத் தகவல், கடைகளுக்கு அறிவிப்பு, பழைய மாதிரிகளை மறுபடி ஓட்டுவதற்குப் பட்டியல். எல்லாம் மளமளவென்று நடந்தது. தங்கை வீட்டில் மட்டும் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவளைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பாமலே பேசினாள்.

"எல்லாம் இவராலதான். வேணாம் வேணாம்னு சொன்னேன். ரோட்டோரத்துல வெட்டி வச்சிருந்த பழத்த வாங்கிட்டு வந்து திங்க வச்சாரு." பிறகு அழுதாள்.

மாப்பிள்ளை அடுத்த அறையில்தான் இருந்தார். மூன்று வாரமாக அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"அவ சொல்றது சரிதான் அக்கா. நான்தானே வாங்கிட்டு வந்தேன்."

நான் தலையாட்டினேன். இதை எழுதும்போது என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. அன்றைக்கு அதுகூட வரவில்லை.

சனிக்கிழமை தங்கை மறுபடி வரச் சொன்னாள், போனேன். சுகாதார அலுவலகத்திலிருந்து படிவம் வந்திருந்தது. காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு மாதத்தில் சாப்பிட்டதையெல்லாம் எழுத வேண்டும். நினைவில் இருந்த ஒவ்வொன்றையும் எழுதியிருந்தாள். தோழியின் கிண்ணத்திலிருந்து எடுத்த ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீமைக்கூட விடவில்லை. வெட்டிய பழம் முதல் வரியில் இருந்தது, கீழே இரண்டு கோடு போட்டு. கடைசி வரிவரை பார்த்தேன்.

"பாலாடைக்கட்டி எழுதலயே?"

"அத எதுக்கு எழுதணும்? நீ பாத்ததுதானே. அது ஒண்ணத்தான் பயப்படாம சாப்பிட்டேன்."

"எழுது."

"எதுக்குக்கா?"

"அதுலதான் இருந்துச்சு. நான் பாத்தப்ப மாட்டல. மறுபடி பாத்தேன், மாட்டிடுச்சு."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள்.

"எப்போ பாத்த?"

"செவ்வாய்க்கிழம."

"புதன்கிழம நீ இங்கதானே இருந்த."

"ஆமா."

"நான் அவரத் திட்டுனப்போ."

"ஆமா."

பேனாவை மூடிக் கீழே வைத்தாள். கதவுப் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. அக்கா உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."

அவள் கூப்பிட்ட வேகத்தைவிட வேகமாக அவர் வந்தார். வெளியே கிளம்பிக்கொண்டிருந்தவர், செருப்பைக்கூட ஒரு காலில்தான் மாட்டியிருந்தார். அவள் தன்னைக் கூப்பிட்டுவிட்டாள் என்ற சந்தோஷம் முகம் முழுக்க இருந்தது. அந்த முகத்தோடேயே என் பக்கம் திரும்பி, "சொல்லுங்கக்கா" என்றார்.