மகன் அனுப்பிய எண்ணெய்

எவேலியோ செத்த மறுநாள் காலையில், வீடு நிறைய ஆம்பளைகள் எண்ணெயைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் என் புருஷன் பெட்டிக்குள் கிடக்கிறார். இவர்களுக்கு எண்ணெய். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்கூட சரியாக வரவில்லை. காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் மத்தான்சாஸ் ஊரில் பழைய மோட்டார் சைக்கிள்காரன் எவன் செத்தாலும், அவன் வண்டிதான் கல்லறைவரை பிணவண்டிக்கு முன்னால் போகும். எவேலியோவின் வண்டி ஐம்பத்தொன்றாம் வருஷத்தது. அதற்கு அவர் ஊற்றியது சர்க்கரை ஆலையிலிருந்து வந்த கெட்டி இயந்திர எண்ணெய் ஒன்றுதான். இந்தக் கடைசி ஓட்டத்துக்கு எதை ஊற்றுவது என்றுதான் சண்டை.

யுனியெல் கடலுக்கு அந்தப் பக்கம், தம்பாவிலிருந்து போனில் கூப்பிட்டான். எங்களுக்கு ஒரே பிள்ளை. அங்கே தங்குவதற்கான காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை. கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

"அம்மா, என்னால வர முடியல. நான் அனுப்புன எண்ணெய் இருக்குல்ல? அதை ஊத்தச் சொல்லும்மா. அப்பா போற வழியில என் பங்குன்னு அதாவது இருக்கட்டும்."

இருந்தது. மூன்று வருஷமாக அலமாரியில், மூடிகூடத் திறக்காமல். புது என்ஜினுக்கான உசத்தி எண்ணெய். "இது என் வண்டிக்கு விஷம்டி" என்று எவேலியோ ஒதுக்கி வைத்திருந்தார். பையனிடம் ஊற்றினேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அழுத்தக்கார மனுஷன்.

டப்பாக்களைக் கொண்டுபோய் ஒப்துலியோ முன்னால் வைத்தேன். வண்டி ஓட்டப்போவது அவன்தான். யுனியெலுக்கு ஞானத்தகப்பன், அந்த முறையில் என்னைக் கொமாத்ரே என்பான்.

"கொமாத்ரே, உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? இது தண்ணி மாதிரி இருக்கும். உள்ள அம்பது வருஷக் கசடு ஒட்டிக்கிடக்கு. அத்தனையையும் கழுவிவிட்டு எண்ணெய் போற வழிய அடைச்சிரும். என்ஜின் இறுகிப்போயிரும்!"

"தெரியும். ஊத்து."

"அப்புறம் எவன் வந்தாலும் சரிபண்ண முடியாது. சாமானே கிடைக்காது."

"ஊத்துறியா, நானே ஊத்தட்டுமா?"

பழையதை வடித்துவிட்டு ஊற்றினான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினான்.

நான் பிணவண்டியில், ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் வண்டி அமைதியாக ஓடியது. எவேலியோ இருந்தபோது ஒருநாளும் அத்தனை அமைதியாக ஓடியதில்லை. பாலம் தாண்டியது. பேக்கரி தாண்டியது. மேட்டில் பாதி ஏறியதும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோலச் சத்தம். நீலப் புகை. பின்சக்கரம் இழுபட்டு நின்றது. ஒப்துலியோ எத்தனை மிதித்தும் மிதி இறங்கவே இல்லை.

ஆறு பேர் இறங்கிவந்து, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லறை வாசல்வரை தள்ளினார்கள். வெயில் கொளுத்தியது. எவேலியோவின் வண்டியைக் கொன்றது நான்தான் என்று நினைத்துப் பார்த்தேன். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

மண் போட்டு முடிந்ததும் யுனியெல் கூப்பிட்டான். எல்லோரும் கேட்கும்படி போனின் ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"அம்மா, ஊத்துனீங்களா? ஓடுச்சா?"

"ஊத்துனோம்டா. கடைசி வரைக்கும் ஓடுச்சு."

"நெசமாவா? நீ சும்மா என்னைத் தேத்தாத. ஞானத்தகப்பன்கிட்ட குடு, அவரு சொல்லட்டும்."

ஒப்துலியோவின் கைகள் முழங்கைவரை கறுப்பு. நாற்பது வருஷமாக எவேலியோவோடு அந்த என்ஜினுக்கு முன்னால் உட்கார்ந்தவன். சொந்தத் தம்பியிடமே ஓர் என்ஜினைப் பற்றிப் பொய் சொல்லாதவன். போனை வாங்கிக்கொண்டு, சாய்த்து நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தான்.

"பட்டு மாதிரி ஓடுச்சுடா மவனே," என்றான். "உங்கப்பன்தான் மடையன். முன்னமே ஊத்தியிருக்கணும்."

அந்தப் பக்கம் யுனியெல் சிரித்தான். சிரித்துக்கொண்டே விம்மினான்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.