மிச்சமிருந்த கை

ஆட்டோவிலிருந்து வலியுல்லாவை இறக்கிச் சந்துக்குள் தூக்கி வந்தவன் அப்துல் கய்யூம். இருபது வருஷமாகக் கட்டட வேலையில் இருவரும் ஒன்றாகக் கம்பி கட்டியவர்கள். "கம்பிக்கட்டு கணக்கா கனக்கிறியே மாமா, ஆஸ்பத்திரி சோறு அம்மாம் ருசியா?" என்று கேட்டுக்கொண்டே கட்டிலில் உட்காரவைத்தான். வலியுல்லா சிரித்தார். வாயின் இடது பாதிதான் சிரித்தது.

தேனாம்பேட்டையில் ஆறாவது மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து உடம்பின் வலது பக்கம் மொத்தமாக விழுந்துவிட்டது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் பேச்சு பாதி திரும்பியது. கால் இழுத்துக்கொண்டு நடந்தது. கை வரவில்லை. நாளெல்லாம் முடிச்சுப் போட்ட கை, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி மடியில் கிடந்தது.

கய்யூம் போனதும் சகினா சோற்றைக் குழைத்து ரசம் ஊற்றிக் கொண்டுவந்து, புருஷனின் இடது கையில் ஸ்பூனைத் திணித்தாள். அவர் அதைக் கீழே வைத்தார். முடியாதவன் இடது கையால் சாப்பிட்டால் குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜரத்தே சொல்லிவிட்டார் என்றாள். வலியுல்லா தலையை ஆட்டினார்.

அவர் யோசனை குற்றத்தைப் பற்றியதல்ல. பதினெட்டு நாளும் ஒரு ஆயா திட்டிக்கொண்டே அவரைத் துடைத்துவிட்டாள். வீட்டுக்குப் போனால் நம் வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் கண்ணை மூடிப் பொறுத்திருந்தார். அதற்கென்று மிஞ்சியது இந்தக் கை ஒன்று. கழுவுகிற கையை வாயில் வைக்க அவரால் ஆகாது.

"இது... கழுவ" என்றார். நாக்கு குழறியது.

சகினாவுக்குப் புரிந்துவிட்டது. "சோறு நான் ஊட்டணும், அத மட்டும் நீங்களே பாத்துப்பீங்க. அப்படித்தானே? திங்கக்கெழமலேர்ந்து நான் அடையாறு வூட்டு வேலைக்குப் போறேன். மூணு மணி வரிக்கும் இன்னா பண்ணுவீங்க?"

பட்டினி கிடப்பேன் என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். அவள் தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிசைந்து ஊட்டினாள். நாலு வாய் இறங்குவதற்குள் வயிறு கலக்கியது.

வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவான கக்கூஸ் சந்தின் கடைசியில். பிளாஸ்டிக் ஸ்டூலில் ஓட்டை போட்டு உள்ளே வைத்துவிட்டுப் போயிருந்தான் கய்யூம். சகினா அதில் உட்காரவைத்ததும், வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார்.

இருந்து முடித்தார். சுவரோடு போகும் குழாயைப் பிடித்திருந்த கையை விட்டு மக்கை எடுக்கப் போனால், உடம்பு வலது பக்கம் சரிந்தது. மறுபடி குழாயைப் பிடித்தார். இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை மக் நழுவி மூலைக்கு உருண்டது. கழுவுவதற்கென்று அவர் காப்பாற்றி வைத்த கை, விழாமல் உட்கார்ந்திருக்கவே போதவில்லை.

வெளியே பக்கத்து வீட்டு ஷாகிரா, உள்ளே யாரென்று கேட்டாள். "எங்க வூட்டுக்காரரு. செத்த நேரம் ஆவும்" என்ற சகினாவின் குரல் கதவை ஒட்டியே கேட்டது. வெகுநேரம் குழாயைப் பிடித்தபடியே இருந்தார். குழாயில் விரல்கள் நழுவத் தொடங்கின.

"சகினா" என்றார்.

உள்ளே வந்து கதவைச் சாத்தி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். இரண்டு நாளாகத் தண்ணி லாரி வராததையும், வந்த அன்று குடத்துக்கு நடந்த சண்டையையும் சொல்லிக்கொண்டே கழுவினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்."

"இன்னும் போவல. இருங்க."

திரும்பி வந்தபோது தட்டில் சோறு ஆறியிருந்தது. சகினா சோப்புப் போட்டு அவர் கையையும் தன் கையையும் கழுவிக்கொண்டு வந்து, ஒரு உருண்டை உருட்டி நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடது கையால் தட்டை மடிக்கு இழுத்தார். இனி அந்தக் கையை எதற்கும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. ஸ்பூனைத் தொடாமல் விரல்களைச் சோற்றில் விட்டு அள்ளினார். பாதி வாய்க்குப் போனது, பாதி சட்டையில் விழுந்தது. மறுபடி அள்ளினார்.

உருட்டிய சோற்றைச் சகினா தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவர் சட்டையைத் துடைக்கக் கை நீட்டாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.