தங்கச்சி நிற்கும்வரை

எதிர்வீட்டு அருளானந்தம் என்னை அறைய ஓங்கிய கை ஏழு வருடமாக ஓங்கியபடியே இருக்கிறது. எங்கள் குடியிருப்பின் முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் அவர் நிற்கிறார். போகிறவர்கள் குனிந்து போவார்கள்.

காரணம் பெரிதில்லை. நாங்கள் காயப்போட்ட போர்வையிலிருந்து தண்ணீர் அவர் தலையில் சொட்டியது. நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "குடை பிடிச்சிட்டுப் போங்க," என்றேன். அவர் கையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து என் மனைவி கனகவல்லி ஈரத்துணி வாளியோடு படியேறி வந்தாள்.

"தங்கச்சி நிக்குதேன்னு பாக்குறேன். இல்லேன்னா நடக்கிறதே வேற," என்றார் அருளானந்தம்.

நான் அன்றைக்கே புகார் எழுதிக் கொடுத்தேன். இந்த மாதிரி விஷயத்தில் என்னிடம் தாமதமே கிடையாது. மறுநாள் 'ஓங்கிய கைகள்' பிரிவிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். புகாரை வாசித்துவிட்டுச் சட்டத்தை விளக்கினார்.

"அடி விழுந்தா சட்டத்துல ஒரு பிரிவு. விழலேன்னாலும், விழுந்துருமோன்னு நீங்க பயந்தா அதுவும் குத்தம்தான். ஆனா தங்கச்சி நிக்குதுன்னு இவரு சொல்லியிருக்காரு. அது நிக்கிற வரைக்கும் அடி கிடையாது. தீர்ப்பு வர்ற வரைக்கும் எல்லாம் இப்படியே இருக்கணும்."

அப்படியே இருந்தது. கனகவல்லி ஐந்து படி கீழே வாளியோடு நின்றாள். வாளியில் இருந்த துணி இன்னும் காயவில்லை. அருளானந்தத்தின் விரல்களில் இரண்டாவது மாடிக்காரர்கள் பால் பையை மாட்டிவிட்டுப் போவார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஒரு பாக்கெட்கூடக் கீழே விழுந்ததில்லை.

கனகவல்லிக்கு நான்தான் சாப்பாடு கொண்டுபோவேன். "அண்ணன் சாப்பிட்டாரா?" என்று கேட்பாள். அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள். அதனால் அவருக்கும் நானே ஊட்டிவிடுவேன். அவர் "உப்பு கம்மி" என்பார்.

வருடத்துக்கு ஐந்து படி கூடியது. இப்போது அவளுக்கும் எனக்கும் நடுவில் நாற்பது படி. நான் போய்ச் சேர்வதற்குள் ரசம் ஆறிவிடும்.

ஆண்டுக்கு ஒரு முறை அதிகாரி அம்மா வருவார். கை எவ்வளவு உயரம் என்று டேப் பிடித்துப் பார்ப்பார். எட்டிப் பார்த்து, கனகவல்லி நிற்கிறாள் என்று குறித்துக்கொள்வார். பிறகு என்னிடம் கேட்பார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

முத்திரை குத்திவிட்டுப் போய்விடுவார்.

உண்மையில் நான்காவது வருடமே பயம் போய்விட்டது. ஒரு நாள் அந்தக் கைக்கு அடியில் நின்று வீட்டுச் சாவியைத் தேடினேன். ஒன்றுமே தோன்றவில்லை. கோபமும் இல்லை. பசிகூட மணியைப் பார்த்தால்தான் தெரிந்தது. இருந்தாலும் "இருக்கு" என்றே சொல்லிவந்தேன். காகிதத்தில் என் பெயருக்குக் கீழே 'பாதிக்கப்பட்டவர்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு வேறு பட்டம் எதுவும் கிடைத்ததில்லை.

இந்த வருடம் கனகவல்லியின் முழங்கால் வீங்கிவிட்டது. செருப்பு வார் காலுக்குள் புதைந்திருந்தது.

"என்னங்க, கொஞ்ச நேரம் உக்காரட்டுமா? அந்த அம்மாகிட்ட கேளுங்களேன்," என்றாள்.

அன்றைக்கு டேப்போடு மேலே வந்திருந்தவரிடம் ஏறிப் போய்க் கேட்டேன்.

"உக்காந்தா கை இறங்கிடும். நீங்க எங்க இருந்தாலும் வந்து விழும்," என்றார் அதிகாரி அம்மா.

"அப்போ அவளை அடைச்சுவெச்ச மாதிரி ஆகாதா மேடம்?"

"கதவு இருக்கா? பூட்டு இருக்கா? அவங்களாத்தானே நிக்கிறாங்க."

"வேற வழியே இல்லையாம்மா?" கீழேயிருந்து கனகவல்லியின் குரல் வந்தது.

"ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுக்காரருக்குப் பயம் போயிட்டா குத்தமே இல்ல. ஃபைலை மூடிருவேன். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். இவருதான் வருஷா வருஷம் பயமா இருக்குங்கறாரே!"

அருளானந்தம் என்னைப் பார்த்தார். அவருடைய தோள்பட்டை வேறு நிறமாகியிருந்தது. அதிகாரி அம்மா வழக்கம்போலக் கேட்டார்.

"பயமா இருக்கா?"

"இல்ல," என்றேன்.

"எப்பலேருந்து?"

"நாலாவது வருஷத்துலேருந்து."

அதிகாரி அம்மா ஃபைலைக் கட்டினார். அருளானந்தத்தின் கை மெதுவாக இறங்கியது. என் காதை உரசாமல் தாண்டி வந்து பால் பையை என்னிடம் கொடுத்தது. "அப்பாடா!" என்று படியில் உட்கார்ந்தார் அவர்.

"நீயும் உக்காரும்மா தங்கச்சி."

கனகவல்லி உட்காரவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கிலிருந்து ஏழு. மூன்று விரல் மடங்கியது. வாளியைக் கீழே வைத்தாள். ஏறி வந்தாள். நாற்பது படியும் அப்போது ஐந்தே படியாக இருந்தது.

என் முன்னால் நின்று கையை ஓங்கினாள்.

"அண்ணன் நிக்கிறாரேன்னு பாக்குறேன். இல்லேன்னா நடக்கிறதே வேற."

உட்கார்ந்திருந்த அருளானந்தம் அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தலையாட்டினார். அருளானந்தம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார்.

அதிகாரி அம்மா புதுப் படிவம் ஒன்றை எடுத்தார்.

"பயமா இருக்கா?"

கனகவல்லியின் முகத்தை நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

"இருக்கு மேடம்," என்றேன். உண்மையாகவே இருந்தது.